கச்சேரியும் ராஜா பாட்டும் கேக்க: ஆர்3 மெட்டா, காம்பேக்ட் 7, ஹெரசி 4, மூணுல எதுங்க?

கோபி_கீழ்பவானி:

வணக்கமுங்க. ஸ்பீக்கருக்கு மட்டும் 5 லட்சம் ஒதுக்கியிருக்கு. புதுசானாலும் சரி, கைமாறி வர்றதானாலும் சரி. பட்டியல் சுருங்கி மூணுல வந்து நிக்குது: கெஃப் ஆர்3 மெட்டா, ஹார்பெத் காம்பேக்ட் 7 எக்ஸ்டி, கிளிப்ஷ் ஹெரசி 4. மூணும் மூணு திக்கு.

அறை 16க்கு 11 அடி, உசரம் 10 அடி. செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, கீழ விட்ரிஃபைட் டைல்ஸ், மேல கான்கிரீட். நீளச் சுவர் ஒண்ணுல 8 அடி அகலத்துக்குக் கண்ணாடி ஜன்னல். பின்னால ஹாலுக்குப் போற வாசல், கதவு கிடையாது. ஒரு சோபா தவிர உள்ள ஒண்ணுமில்லை. கை தட்டினா கணீர்னு ஒரு வால் நீளுது.

ஆம்ப் 8 ஓமுக்கு 60 வாட், 4 ஓமுக்கு 100 வாட். டோன் கன்ட்ரோல் இல்லை. ஸ்ட்ரீமர்ல பாராமெட்ரிக் ஈக்யூ (வேணுங்கற அதிர்வெண்ணை மட்டும் கூட்டிக் குறைக்கற வசதி) இருக்கு. உக்கார்ற எடம் ஸ்பீக்கர்ல இருந்து 8 அடி.

கேக்கறது பாதி கர்நாடக சங்கீதம், அதுல வாய்ப்பாட்டும் நாதஸ்வரமும் எச்சு. மீதி 80கள்ல வந்த ராஜா பாட்டு, கொஞ்சம் ஜாஸ். ராத்திரி 9 மணிக்கு மேலதான் கேக்கறது, அதனால சத்தம் பெருசா வெக்கறதில்லை. குரல் கிட்ட வந்து நிக்கணும், 'ஸ' குத்தக் கூடாது, மிருதங்கத் தொப்பி (இடது பக்க அடி) விழுந்த எடத்துலயே நிக்கணும், அறை பூரா உருளக் கூடாது. இந்த ருசிக்கு மூணுல எது சேரும்? கடையில கேக்கறப்ப எதைப் பாக்கணும்?

நொய்யல்_அலை:

நீங்க கேட்டதுல மூணு தனித்தனி சங்கதி கலந்து கெடக்கு. பிரிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது.

ஒண்ணு, சமநிலை: கீழ எவ்வளவு, மேல எவ்வளவு, குரல் முன்னாலயா பின்னாலயா. ரெண்டு, சிதறல்: ஸ்பீக்கர் நேரா அனுப்பற ஒலிக்கும் பக்கவாட்டுல வீசற ஒலிக்கும் குணம் ஒண்ணா இருக்கா. மூணு, எழுச்சி: தனி ஆவர்த்தனத்துல அடி திடீர்னு ஏறும்போது அமுங்காம ஏறுதா. முதலாவதை வாங்கினதுக்கு அப்பறமும் ஈக்யூவில ஒண்ணு ரெண்டு டெசிபல் நகர்த்தி மாத்திக்கலாம். மத்த ரெண்டும் பெட்டியோட பொறந்த குணம், எந்த ஈக்யூவும் தொட முடியாது. ஆனா கடையில முதல் பத்து நிமிசத்துல காதை இழுக்கறது சமநிலைதான். மாத்த முடிஞ்சதைப் பாத்து வாங்கிட்டு, மாத்த முடியாததோட குடித்தனம் பண்றது அப்படித்தான் நடக்குது.

உங்க அறைக்குச் சிதறல்தான் தலையாயது. டைல்ஸும் கண்ணாடியுமா இருக்கற அறையில, 8 அடி தள்ளி உக்காந்தா, நேரா வர்றதை விடச் சுவர்ல பட்டு வர்ற ஒலி எச்சு. கீழ் ஒலிக்கும் நடு ஒலிக்கும் 8 அங்குல கோனையும், மேல் ஒலிக்கு 1 அங்குல டுவீட்டரையும் 3 கிலோஹெர்ட்ஸ் அக்கம்பக்கம் சேக்கற எந்த இருவழி ஸ்பீக்கருக்கும் ஒரு சிக்கல் உண்டு. உங்க பட்டியல்ல காம்பேக்ட் 7 அந்த வகை. அந்தக் கோனோட வேலை செய்யற விட்டம் சுமார் 16 செ.மீ. 2 கிலோஹெர்ட்ஸ் தாண்டினா அலைநீளம் அதை விடச் சின்னதாகி, ஒலி நேராக் குவிய ஆரம்பிக்குது. உடனே மேல இருக்கற டுவீட்டர் பொறுப்பெடுத்து நாலாபக்கமும் வீசுது. நேர் கோட்டுல அளந்தா வரைபடம் தட்டையா இருக்கும். பக்கத்துல 3ல இருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு புடைப்பு இருக்கும். மெத்தையும் திரையுமா இருக்கற அறை அதைக் குடிச்சிரும். உங்க அறை அதைத் திருப்பிக் காதுக்கே அனுப்பும். நாதஸ்வரமும் 'ஸ'வும் குத்தறது பெரும்பாலும் இதனாலதான், டுவீட்டர் கெட்டதுன்னு அர்த்தமில்லை.

ஆர்3 மெட்டாவுல டுவீட்டர் நடுக்கோனோட மையத்துலயே உக்காந்திருக்கு, அந்தக் கோனே அதுக்குக் குழல் மாதிரி வழிகாட்டுது. அதனால பக்கத்துக்குப் போற ஒலி மேல போகப்போகச் சீராக் குறையும், புடைப்பு இருக்காது. ஹெரசியில நடு ஒலியும் மேல் ஒலியும் ஹார்ன் வழியா வருது. வீச்சு குறுகல், பக்கச் சுவருக்குப் போறது கம்மி. ஆனா 12 அங்குல வூஃபர் (கீழ் ஒலிக் கோன்) 850 ஹெர்ட்ஸ்ல நடு ஹார்னுக்குக் கைமாத்துது, அந்த எடத்துல குணம் மாறறது உன்னிப்பாக் கேட்டா தெரியும்.

கனடா தேசிய ஆய்வு மன்றத்துல ஃப்ளாய்ட் டூல் 1986ல வெளியிட்ட கட்டுரைகளும், பின்னால ஷான் ஓலிவ் செஞ்ச வேலையும் இதைத்தான் காட்டுது: பெட்டியைத் திரை போட்டு மறைச்சா, பெரும்பாலானவங்க நேர் ஒலி தட்டையாவும் பக்க ஒலி சீராவும் இருக்கறதையே எடுக்கறாங்க. கெடைமட்டத்துலயும் செங்குத்துலயும் 10 டிகிரிக்கு ஒண்ணு வீதம் 70 அளவு எடுத்து ஒரே படத்துல போடற முறை அங்கிருந்து வந்ததுதான். மூணு ஸ்பீக்கருக்கும் அந்த மாதிரிப் படம் கெடைச்சா, பக்க ஒலிக் கோட்டைப் பாருங்க. நேர்க்கோட்டைப் பாத்து மயங்காதீங்க.

அடுத்தது பவர். ஆர்3 மெட்டாவோட உணர்திறன், அதாவது 2.83 வோல்ட் குடுத்தா 1 மீட்டர்ல வர்ற சத்தம், 87 டெசிபல். தடை 4 ஓம், அடியில 3.2 ஓம் வரைக்கும் எறங்குது. 8 அடிக்கு 7.7 கழிச்சு, ரெண்டு ஸ்பீக்கருக்கு 3 கூட்டி, அறைக்கு ஒரு 3 கூட்டினா 85. அது 2.83 வோல்ட்டுக்கு. உங்க ஆம்ப் 4 ஓம்ல 20 வோல்ட் குடுக்கும், அது இன்னொரு 17 டெசிபல். ஆக உச்சம் 102. காம்பேக்ட் 7க்கு 86 டெசிபல், 6 ஓம். அதுவும் 102க்குப் பக்கத்துலதான் வருது. ராத்திரி சராசரி 70ல கேக்கறவருக்கு உச்சத்துக்கு 20 விட்டாலும் 90 போதும். ரெண்டுக்கும் ஆம்ப் தாராளமாப் போதும். ஹெரசியோட 99 டெசிபல் எண்ணைக் கம்பெனி அறை ஒத்தாசையும் சேத்தே சொல்லுது, அதனால மேல கூட்டின 3ஐ அதுக்குக் கூட்டாதீங்க. அப்படியும் 110 தாண்டும், உங்களுக்கு அது தேவையே இல்லை. அதோட பலன் வேற எடத்துல: கோனை அசைக்கற செம்புச் சுருளுக்குள்ள போற வாட் ரொம்பக் கம்மி, அதனால சூடு ஏறாது. செம்பு 100 டிகிரி சூடேறினா தடை 39 சதம் கூடி, சுமார் 3 டெசிபல் அமுங்கிரும். சத்தமா வெச்சுக் கேக்கறவங்களுக்கு அது பெரிய விசயம். உங்க சத்தத்துல வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது.

என் தேர்வு ஆர்3 மெட்டா. மிச்சப்படற காசுல அறையைச் சரி பண்ணுங்க.

பேரூர்_காது:

மேல சொன்னதுல சண்டை போட ஒண்ணுமில்லை. கடையில எப்படிக் கேக்கறதுங்கறதை மட்டும் சொல்லிர்றேன். கோயமுத்தூர்ல டெமோ அறைகள் எல்லாம் தரைவிரிப்பு, சுவருக்கு மெத்தைன்னு ஜோடிச்சு வெச்சிருப்பாங்க. அங்க கேக்கற மேல் ஒலி உங்கூட்டுல வராது. அதனால அங்க 'மேல கொஞ்சம் மங்கலா இருக்குதே'ன்னு பட்டா அதைக் குறையா எடுத்துக்காதீங்க.

முதல் வேலை சத்தத்தைச் சமப்படுத்தறது. ஆர்3 மெட்டாவுக்கும் ஹெரசிக்கும் நடுவுல சொல்ற எண்ணுல 12 டெசிபல், அதாவது ஒரே குமிழ் நிலையில நாலு மடங்கு வோல்ட் போட்ட மாதிரி. சத்தம் எச்சா இருக்கறதே நல்லா இருக்கற மாதிரித் தோணும், இதுக்கு எந்தக் காதும் விதிவிலக்கு இல்லை. 500ல இருந்து 2000 ஹெர்ட்ஸ் வரைக்கும் வெட்டின பிங்க் நாய்ஸ் (சோதனைக்குன்னு இருக்கற இரைச்சல்) ஒரு ஃபைலா வெச்சுக்கங்க. போனை உக்கார்ற எடத்துல தலை உசரத்துக்குப் புடிச்சு, ஆப்ல மெதுவான அளவுல வெச்சு, அரை டெசிபலுக்குள்ள கொண்டு வாங்க. போன் மைக் சரியான எண் காட்டாட்டியும் பரவால்லை, ரெண்டுக்கும் ஒரே எண் வந்தாப் போதும். அளவு உங்கூட்டு ராத்திரி அளவா இருக்கட்டும். விக்கறவரு ஏத்தி வெக்கச் சொல்லுவாரு, வேண்டாம்னுருங்க.

ரெண்டாவது, ஒரே ஒரு ஸ்பீக்கரை மட்டும் மோனோவில போடச் சொல்லுங்க. ஸ்டீரியோ பரப்பு பல குத்தத்தை மூடிரும். ஒத்தைப் பெட்டியில குரலோட நிறம் பட்டுனு தெரியும். கேட்டுட்டே எந்திரிச்சு 30, 45 டிகிரி பக்கமா நகருங்க. சத்தம் கொறையட்டும், குரல் அதே ஆளோட குரலா இருக்குதான்னு பாருங்க. நொய்யல் சொன்ன சிதறல் சங்கதிக்கு மீட்டர் இல்லாத சோதனை அதுதான்.

பாட்டு வகைக்கு என்ன எடுத்துட்டுப் போறதுன்னா:

ஆண் வாய்ப்பாட்டு, 1 கட்டை சுருதியில. ஷட்ஜமம் 131 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் 98. மேல இருந்து பஞ்சமத்துக்கு எறங்கறப்ப எல்லா ஸ்வரமும் ஒரே கனத்துல வருதா, ஒண்ணு மட்டும் வீங்குதா, ஒண்ணு மட்டும் காணாமப் போகுதா. பின்னணியில தம்புரா தொடர்ந்து நிக்கணும், குரல் ஏறினா அது மங்கக் கூடாது.

கஞ்சிரா. பாஸ் சோதிக்க இதை விட நல்ல வாத்தியம் எனக்குத் தெரிஞ்சு இல்லை. அழுத்தி அடிக்கறப்ப சுருதி வழுக்கிட்டுப் போகுமில்ல, அந்த வழுக்கல் கேக்கணும். வெறும் 'பும்' 'பும்'னு ஒரே ஸ்வரத்துல வந்தா அது போர்ட்டோட (பெட்டியில இருக்கற காத்துத் துளையோட) சத்தம், இல்லாட்டி அறையோட சத்தம்.

நாதஸ்வரம், திறந்தவெளியில பதிஞ்சது ஒண்ணும் ஸ்டுடியோவில பதிஞ்சது ஒண்ணும். ரெண்டும் குத்தினா ஸ்பீக்கரைச் சந்தேகப்படுங்க. ஒண்ணு மட்டும் குத்தினா பதிவைச் சந்தேகப்படுங்க. மோர்சிங் தனி ஆவர்த்தனம் கெடைச்சா அதையும் போடுங்க, மேல் ஒலியில மணல் கலந்த மாதிரி இருந்தா ஒதுக்கிருங்க.

ராஜா பாட்டுல பேஸ் கிடார் வரியைப் பின்தொடருங்க. நாலு தந்திக் கிடாரோட கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ். உங்க மூணுல எதுவும் அங்க முழுசா எறங்காது: ஹெரசி 48, காம்பேக்ட் 46, ஆர்3 மெட்டா 58னு கம்பெனிகளே சொல்லுது. ஆனா கிடாரோட ரெண்டாம் மூணாம் சுரத்துணைகளை (அடி அதிர்வோட ரெண்டு, மூணு மடங்கு அதிர்வுகளை) வெச்சே காது அடி ஸ்வரத்தை ஊகிச்சுக்கும், அதனால வரி தெளிவாக் கேட்டாப் போதும். இன்னொண்ணு, 80கள் பாட்டோட புது மெருகு போட்ட பதிப்பு பலதும் இறுக்கி அமுக்கினது. பழைய சிடி பதிப்பு கெடைச்சா அதைக் கொண்டு போங்க. கடைசியா ஆசைக்கு ஒரு ஜமாப் (நம்ம கொங்கு மேளக் கூட்டு) பதிவு போட்டுப் பாருங்க, துடும்பு அடிக்குப் பெட்டி திணறுதா இல்லையான்னு ஒரே நிமிசத்துல தெரிஞ்சுரும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கேக்க விடுவாங்களான்னு கேளுங்க. 5 லட்சத்துக்கு வாங்கறவரு கேக்கறது நியாயந்தான். 'ஓட ஓடத்தான் செட்டாகும், 300 மணி நேரம் ஆகும்'ங்கற பேச்சை நம்பாதீங்க. கோனோட விளிம்பும் அதைப் பின்னால தாங்கற ஸ்பைடரும் இளகறது முதல் சில மணி நேரத்துலயே முடிஞ்சுரும். மிச்ச நேரம் பழகறது உங்க காது.

சென்னிமலை_தறி:

அறையைப் பத்தி ஒரு கணக்கு. 16க்கு 11க்கு 10 அடின்னா கொள்ளளவு சுமார் 50 கன மீட்டர், மொத்தப் பரப்பு 83 ச.மீ. சுவரும் டைல்ஸும் வெறுமையா இருந்தா ஒலியைக் குடிக்கற அளவு, பட்டதை முழுசாக் குடிக்கற பரப்பாக் கணக்குப் போட்டா, 3.5 ச.மீ. தேறும். சபைன் சூத்திரத்துல போட்டா எதிரொலி அடங்க 2.3 விநாடி. அது கல்யாண மண்டபக் கணக்கு. பாட்டு கேக்க அரை விநாடி வேணும், அதுக்கு 16 ச.மீ. குடிக்கணும்.

எப்படிச் சேக்கறதுன்னா: சோபா 2.5, தொறந்த வாசல் 2. ஜன்னலுக்குக் கரூர்ல கனமான திரைத்துணி எடுத்து, ஜன்னல் அகலத்துக்கு ரெண்டு மடங்கு துணி விட்டு மடிப்பு நெருக்கமா, கண்ணாடியில இருந்து 10 செ.மீ. தள்ளித் தொங்க விட்டா 2.5 கெடைக்கும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி ராக்வுல்லை (கல்நார் இல்லாத பாறைப் பஞ்சு) 2க்கு 4 அடி மரச்சட்டத்துல 50 மி.மீ. கனத்துக்கு அடைச்சு, சுவருக்கும் பலகைக்கும் நடுவுல இன்னொரு 50 மி.மீ. காத்து விட்டு 6 பலகை மாட்டினா 4.5. தரைக்கு 1.3. ஏற்கெனவே இருக்கற 3.5ஓட கூட்டினா 16.3, அடங்கற நேரம் அரை விநாடிக்கு வந்துருது.

பலகை மாட்டற எடம்: ரெண்டு பக்கச் சுவர்லயும் முதல் எதிரொலி விழற எடம். நீங்க உக்காந்திருக்க, இன்னொருத்தரு சுவரோட ஒரு கண்ணாடியை நகர்த்திட்டே போகட்டும். ஸ்பீக்கர் எங்க தெரியுதோ அங்க மாட்டுங்க. ஜன்னல் பக்கம் திரை அந்த வேலையைப் பாத்துக்கும், அதனால எதிர்ச் சுவருக்கு ரெண்டு, பின்சுவருக்கு நாலு.

தரைக்குப் பவானி ஜமக்காளம் எல்லாரும் போடறதுதான். பாக்க அம்சமா இருக்கும், ஆனா மெல்லிசுப் பருத்தி. 2 கிலோஹெர்ட்ஸ்க்கு மேலதான் ஏதாச்சும் பண்ணும். அடியில 10 மி.மீ. ஃபெல்ட் போட்டு, ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவுல விரிச்சா நான் போட்ட 1.3 கெடைக்கும், இல்லாட்டி அதுல பாதிதான்.

ராக்வுல் நமச்சலுக்குப் பயந்து திருப்பூர் பனியன் வேஸ்ட் அடைக்கறாங்க. வேலை செய்யும், ஆனா நாளாக ஆக அடியில போய்ப் படிஞ்சு மேல காலியாயிரும். அடிக்கு ஒரு குறுக்குத் தையல் போட்டுப் பை பையாப் பிரிச்சு அடைங்க. தீப்பிடிக்கற சரக்குங்கறதால பிளக் பாயிண்ட் இருக்கற சுவர்ல வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கம் கெடைக்கற ரப்பர் கலந்த தேங்கா நார் ஷீட்டும் ஓரளவுக்கு ஆகும். தெர்மாகோல் சுத்தமா ஆகாது. நாமக்கல் முட்டை அட்டையைச் சுவர் பூரா ஒட்டறது பாவம், அதை விட்ருங்க. மேல் ஒலியில சொற்பமாக் குடிக்கும், குரல் எடத்துல ஒண்ணும் நடக்காது, பல்லி குடியேறும்.

இது எதுவும் 100 ஹெர்ட்ஸ்க்குக் கீழ எடுபடாது. பாஸ் சங்கதி தனி, அதை நொய்யல் சொல்லட்டும்.

பழைய_பிபிசி:

ஆர்3 மெட்டாவுக்கே எல்லாரும் ஓட்டுப் போடறீங்க. காம்பேக்ட் 7க்கும் ஒரு வார்த்தை பேச ஆள் வேணும்.

கேள்வி கேட்டவர் ருசியைத் திரும்பப் படியுங்கள். பாதி வாய்ப்பாட்டு, தாழ்ந்த சத்தம், 'ஸ' குத்தக் கூடாது. பேச்சுக் குரலை மையமாக வைத்து பிபிசி பொறியாளர்கள் வளர்த்த மரபில் வந்தது ஹார்பெத். மெல்லிய பலகைப் பெட்டி, உள்ளே அதிர்வை அடக்கும் பூச்சு. பெட்டியின் அதிர்வு குரல் எல்லைக்குக் கீழே தள்ளப்பட்டுவிடுகிறது. அந்த 8 அங்குலக் கோன் அடிக்குரலில் இருந்து 3 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரே துண்டாகப் பாடுகிறது, நடுவில் கிராஸ்ஓவர் (ஒலியைப் பிரித்து வேறு கோனுக்கு மாற்றும் இடம்) இல்லை. ஆர்3 மெட்டாவில் 400 ஹெர்ட்ஸ் அருகே ஒன்று இருக்கிறது, வாய்ப்பாட்டின் நட்டநடுவில்.

திரைச் சோதனைகளில் பெரும்பாலோர் எடுப்பது பக்க ஒலி சீரான பெட்டியைத்தான் என்பது உண்மை. பெரும்பாலோர் என்பது இவர் என்று ஆகாது. சோதனைகள் குறுகிய துண்டுகளை வைத்து நடப்பவை. இவர் கேட்பது இரண்டரை மணி நேரக் கச்சேரி. தாழ்ந்த சத்தத்தில் காது கீழ் ஒலியை இழக்கிறது. 20 டெசிபல் குறைத்தால், 50 ஹெர்ட்ஸ் பழைய சமநிலையில் கேட்க 5, 6 டெசிபல் கூட்ட வேண்டும். மேல்பாஸில் சற்றுச் சதைப்பிடிப்பான ஸ்பீக்கர் அந்த நேரத்தில் இயல்பாக ஒலிக்கும். நொய்யல் சொன்ன பக்கப் புடைப்பு இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் சென்னிமலைக்காரர் சொன்ன பலகைகளை மாட்டிவிட்டால் அதன் பல் பாதி பிடுங்கப்பட்டுவிடும்.

ஒரு நிபந்தனை: ஸ்டாண்ட் திறந்த சட்டமாக, டுவீட்டர் காது உயரத்துக்கு வருமாறு. இதன் பெட்டி அதிர வேண்டிய பெட்டி. மணல் நிரப்பிய கனமான ஸ்டாண்டில் புளூ டாக் (ஒட்டும் பசைக்களி) வைத்து அழுத்தி ஒட்டினால் காசு கொடுத்து வாங்கிய குணத்தைக் கொன்றதாகும். ஆர்3 மெட்டாவுக்கு நேர் எதிர்: கனமான ஸ்டாண்ட், உள்ளே நன்றாக வறுத்துக் காயவைத்த மணல். ஈர மணல் போட்டால் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

கோபி_கீழ்பவானி:

எல்லாருக்கும் நன்றிங்க. திரைத்துணியும் பலகையும் பண்ணிர்லாம், வீட்டுலயும் சரின்னுட்டாங்க. ஹெரசியை விட்டுர்றேன். ரெண்டு கேள்வி. ஸ்பீக்கரை எங்க வெக்கறது, முன்சுவர்ல இருந்து எவ்வளவு தூரம்? அப்பறம் ஆம்ப்ல இருந்து எப்பவும் ஒரு 'உர்ர்' கேக்குது, கேபிள் டிவி பெட்டியும் அதே எடத்துலதான் இருக்கு. கரண்ட் நின்னு இன்வெர்ட்டர்ல ஓடறப்ப அது இன்னும் எச்சாகுது. அப்பறம் கைமாறி வர்ற காம்பேக்ட் 7 ஒண்ணு ஈரோட்டுல இருக்குன்னு சொல்றாங்க, போனா என்ன பாக்கணும்?

நொய்யல்_அலை:

11 அடிச் சுவர்ல வெச்சு நீளவாக்குல பாட விடுங்க. நம்ம ஊர் வெயிலுக்கு ஒலிவேகம் 349 மீட்டர்னு வெச்சா, உங்க அறையோட நிலை அலைகள் (சுவருக்குச் சுவர் மோதி அங்கேயே நின்னு வீங்கற ஒலி) நீளத்துக்கு 36 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 52, உயரத்துக்கு 57. 52ம் 57ம் ஒட்டிக்கிட்டு நிக்குது, தொப்பி உருள்றது அதுலதான். நல்லவேளை, ரெண்டு ஸ்பீக்கரையும் பக்கச் சுவர்ல இருந்து சம தூரத்துல வெச்சு நட்டநடுவுல உக்காந்தா அகல அலை தானாச் செத்துரும். உயர அலைதான் ஆளை விடாது. தரையில உக்கார்ற ஹெரசியோட வூஃபர் அதை முழு பலத்தோட கெளப்பியிருக்கும், அதை விட்டது நல்லதுக்குத்தான். ஸ்டாண்ட் மேல வெக்கற பெட்டி கெளப்பறது அதை விடக் கம்மி.

முன்சுவர் தூரம்: பின்னால போய்ச் சுவர்ல பட்டுத் திரும்பற ஒலி, தூரத்தைப் போல நாலு மடங்கு அலைநீளத்துல நேர் ஒலியை வெட்டும். கோன்ல இருந்து சுவர் 2 அடின்னா 143 ஹெர்ட்ஸ், 3 அடின்னா 95. பேரூர்காரர் சொன்ன 1 கட்டை ஷட்ஜமம் 131, மந்திர பஞ்சமம் 98. ரெண்டரை அடி வெச்சா வெட்டு 115ல விழுது, ரெண்டுக்கும் நடுவுல. அங்க தைவதமும் நிஷாதமும் இருக்கத்தான் இருக்கு, ஆனா பாடறவங்க எச்சா நின்னு பாடறது சவும் பவும். பக்கச் சுவர் தூரமும், தரைக்கும் கோனுக்கும் இருக்கற உயரமும் இதே ரெண்டரை அடியா இருக்கக் கூடாது, மூணு வெட்டும் ஒரே எடத்துல விழுந்தா பள்ளமாயிரும். பக்கத்துக்கு 2 அடி விட்டா, ஸ்பீக்கர் ரெண்டுக்கும் நடுவுல 7 அடி.

நீங்க 8 அடி தள்ளினா முன்சுவர்ல இருந்து பத்தரை அடி. 12 அடிக்குப் போயிராதீங்க, நீளத்தோட ரெண்டாம் அலைக்கு, அதாவது 72 ஹெர்ட்ஸ்க்கு, அங்க குழி, அந்த ஒலி அமுங்கிக் கேக்கும். 8 அடிக்கு வந்தா 36 ஹெர்ட்ஸ்க்குக் குழி.

யூமிக்-1ங்கற அளவு மைக் ஒண்ணு வாங்கிக்கங்க, அதோட அளக்கற ஆர்இடபிள்யூ மென்பொருள் இலவசம். தலை இருக்கற எடத்தைச் சுத்தி மைக்கை மெதுவா அசைச்சுட்டே ஒரு நிமிசம் பிங்க் நாய்ஸ் அளங்க. 57 பக்கம் மேடு தெரிஞ்சா, எவ்வளவு ஒசரமோ அவ்வளவு வெட்டுங்க, க்யூ (எண் ஏறினா வெட்டோட அகலம் குறுகும்) 5ல ஆரம்பிங்க. குழியை ஈக்யூவில நிரப்பாதீங்க. ஆம்ப்தான் திணறும், குழி அப்படியே இருக்கும். 300 ஹெர்ட்ஸ்க்கு மேல மைக் காட்டறதைப் பாத்து எதையும் திருத்த வேண்டாம்.

ராத்திரிக்குன்னு தனி அமைப்பு ஒண்ணு வெச்சுக்கலாம்: ஈக்யூவில 100 ஹெர்ட்ஸ்க்குக் கீழ ஷெல்ஃப் (கீழ இருக்கறதை மொத்தமா நகர்த்தறது) 4 டெசிபல் ஏத்தி, மொத்த அளவை 4 குறைச்சு. குறைக்காட்டி டிஜிட்டல்லயே நெறிபடும். ஆர்3 மெட்டா எடுத்தா 3 கிலோஹெர்ட்ஸ்ல க்யூ 0.7 வெச்சு 1.5 டெசிபல் எறக்கிப் பாருங்க. பிபிசிக்காரர் சொல்ற மென்மைக்குப் பக்கத்துல வரும். அவர் சொன்ன சதைப்பிடிப்பும் ஷெல்ஃப்ல வந்துரும். காம்பேக்டோட பக்கச் சிதறலை அந்த மாதிரி திருத்த வழியில்லை, என் கட்சி அதுதான். ஆனா பலகை மாட்டின அறையில ரெண்டையும் கேட்டுட்டு அவர் பக்கம் சாஞ்சீங்கன்னா தப்பே இல்லை.

பீளமேடு_வைண்டிங்:

உர்ருக்கு வாரேன். முதல்ல கேபிள் டிவி ஒயரை, பெட்டியில இருந்தில்ல, சுவர்ல இருந்து வர்ற கோஆக்ஸையே கழட்டிப் பாருங்க. நின்னுபோனா எர்த் ரெண்டு வழியா வந்து சுத்துதுன்னு அர்த்தம். அந்த ஒயருக்கு ஒரு ஐசொலேட்டர் (சிக்னலை விட்டுட்டு எர்த்தை மட்டும் பிரிக்கறது) போட்டாப் போதும். ஆம்ப்போட எர்த் பின்னை உடைச்சுப் போடற வைத்தியத்தைச் செய்யாதீங்க, உயிருக்கு ஆபத்து. கழட்டியும் நிக்கலைன்னா, ஸ்பீக்கர்ல கேக்குதா, ஆம்ப் பெட்டியிலயே கேக்குதான்னு காதை வெச்சுப் பாருங்க. பெட்டியிலயேன்னா அது டிரான்ஸ்ஃபார்மர். மெயின்ஸ்ல டிசி கலந்து வந்தா டொராய்டு (வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர்) உறுமும், அதைத் தடுக்க டிசி பிளாக்கர் கெடைக்கும். இன்வெர்ட்டர்ல எச்சாகறது சதுர அலை இன்வெர்ட்டரா இருக்கறதால. சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாத்துங்க, இல்லாட்டி ஆம்ப்பை அந்த லைன்ல இருந்து பிரிச்சுருங்க. கோடையில எர்த் குழி காஞ்சு போயிரும், தண்ணி ஊத்தி, மீட்டர் வெச்சு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல பாருங்க. 2, 3 வோல்ட்டுக்கு மேல காட்டினா எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க.

ஒயருக்கு 2.5 ச.மி.மீ. செம்பு போதும். 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர 0.07 ஓம்தான் வருது. அதுக்கு மேல குடுக்கற காசு ஒயர் விக்கறவங்களுக்கு.

ஈரோட்டுப் பெட்டிக்கு மல்டிமீட்டர் எடுத்துட்டுப் போங்க. ஸ்பீக்கர் ஒயரைக் கழட்டிட்டு முனையில தடை பாருங்க. 6 ஓம் ஸ்பீக்கர்னா 4ல இருந்து 5.5க்குள்ள காட்டும், எண் முக்கியமில்லை, ரெண்டு பெட்டியும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும். கோனை நாலு விரலால ஒரே சீரா அழுத்தி விடுங்க, உரசற சத்தம் கேட்டா சுருள் உரசுது, வந்த வழியே திரும்பிருங்க. விளிம்பு ரப்பர், அதனால ஃபோம் மாதிரி உதிராது, ஆனா வெடிப்பு இருக்குதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. சீரியல் எண் ரெண்டும் ஜோடியான்னு பாருங்க. 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 200 வரைக்கும் மெதுவா ஏர்ற சைன் அலையைத் தாழ்ந்த சத்தத்துல ஓட்டுங்க, சலசலப்பு இருந்தா அங்கதான் வெளிய வரும். டுவீட்டருக்கு முன்னால இருக்கற வலை அமுங்கியிருக்கான்னும் கவனிங்க. போர்ட்டுக்குள்ளயும் டார்ச் அடிங்க: மூடி வெச்ச வீட்டுல இருந்த பெட்டின்னா குளவி மண்கூடு கட்டியிருக்கும், பல்லி முட்டை இருக்கும். வாங்கினதும் கொசுவலைத் துணியை போர்ட் வாய்க்கு உள்பக்கமா, காத்து போக்குவரத்துக்குத் தடையில்லாத மாதிரி, ஒரே மடிப்பா ஒட்டிருங்க. ரெண்டு மடிப்புப் போட்டா பாஸ்ல 'ஸ்ஸ்'னு காத்துச் சத்தம் சேரும்.